தின்னக்கூடிய நாலு கோபுரம்

மல்லாவிச் சந்தியில் ஐஸ்கிறீம் கோன் இல்லை.
வவுனியா பஸ்ஸில் சொல்லிவிட்ட பெட்டி
ஆரோ ஒருவரின் உரமூட்டைக்கு அடியில் பயணம் செய்து
பன்னிரண்டில் ஏழு நொறுங்கி வந்தது.
மிச்சம் ஐந்து. வேண்டியது நாலு.
ஒன்று, என் கை தவறினால்.

படம் சுவிஸிலிருந்து. மாமன்காரன் அனுப்பினது.
மலைமேல் கோட்டை, காலடியில் பனி.
"அக்கா, அப்படியே வேணும், காசைப் பற்றி யோசிக்காதேங்கோ."
அடுத்த குரல்பதிவு பிள்ளையினுடையது:
"கோபுரமும் தின்னலாமோ?"

போன வருசக் கேக்கில் கோபுரம் மட்டையாம்,
வெள்ளித்தாள் சுற்றின மட்டை.
கடித்துப்போட்டு அழுதவளாம் யதுர்சிகா.
இப்போது ஆறு வயதுக்கு வாக்குக் கேட்கிறாள்.
தின்னலாம் குஞ்சு, என்று அனுப்பிவிட்டேன்.
அனுப்பின பிறகுதான் யோசித்தேன்.

சுவிஸ்றோலை நிமிர்த்தினால் ஒரு சாண் நிற்கும்.
ஒன்றின்மேல் ஒன்று வைத்தால்
மத்தியானம் இரண்டு மணிக்கு முதுகு வளையும்.
பங்குனி வெயில், தகரக் கூரை,
கரண்ட் வேறு காலையிலேயே போய்விட்டது.

தவரூபன் வேலையால் வந்து கால் கழுவாமல் பார்த்தான்.
மேசன். வீட்டுத்திட்டத்தில்
இருபத்தெட்டு வீடு அவன் கைபட்டு எழும்பினது.
"கம்பி இல்லாமல் தூண் எழுப்பிறியோ?"

ஈர்க்குச் சீவினேன். கழுவினேன். பிறகு வைத்துவிட்டேன்.
ஈர்க்கைத் தின்னேலாது.

சீனிப்பாகில் எள்ளைக் கொட்டிச்
சூடு ஆறமுதல் அவன் உள்ளங்கையால் உருட்டினான்,
சீமெந்து தின்ற கை, சூடு தெரியாது என்றான்.
தெரிந்தது, முகத்தில் பார்த்தேன்.
எட்டு எள்ளுக்கம்பி. அரை இஞ்சி மொத்தம்.
ஆறினால் பல்லுக்குத்தான் உடையும்.

பிறகு தூக்குக்குண்டைத் தேடினான்.
அதை என் கேக்குக்குக் கிட்ட கொண்டுவராதே என்றேன்.
நூலில் ஒரு கச்சானைக் கோதோடு கட்டி
ஒற்றைக் கண்ணை மூடித் தொங்கவிட்டுப் பார்த்தான்.
மூன்று கோபுரம் நேர்.
நாலாவது ஒரு நூல் சரிவு.
"இடிச்சுக் கட்டுவமோ?"
"விடு, சுவர்ப் பக்கம் திருப்பி வைப்பம்."
கச்சானை உடைத்து ஒரு பருப்பு எனக்குத் தந்தான்.

படத்தில் ஜன்னல் என்றால் ஒரு கீறல், அம்பு விடுகிற அளவு.
கத்தியை வைத்துவிட்டு நின்றேன்.
அந்தக் கீறல் எனக்குத் தெரியும்.
மண்மூட்டைகளுக்கு நடுவில்,
பள்ளிக்கூடத்துக்குப் போகிற றோட்டில்.
அதைக் கடக்குமட்டும் சைக்கிளை உருட்டினேன், இரண்டு வருசம்.
உள்ளே கண் இருந்ததோ, வெறும் இருட்டோ.

போத்தல் மூடியை அழுத்தி வட்டமாய் வெட்டினேன்.
ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு மஞ்சள் ஜுஜுப்ஸ்,
ஆரோ லைற் போட்டுவிட்டு
படிக்கிற மாதிரி.

கடைசியாய்க் கொடி.
நிறம் கலந்த கிண்ணங்கள் வரிசையாய்க் கிடந்தன.
சிவப்பைப் பார்த்தோம். மஞ்சளைப் பார்த்தோம்.
ஆளையாள் பார்த்தோம்.
"மாமன்காரனைக் கேட்பமோ?"
"வேண்டாம்."
எழும்பிப் போய் முற்றத்தில்
நாலு கறிவேப்பிலை கிள்ளி வந்தான்.
துடைத்து, கோன் நுனியில் ஐசிங் தொட்டு ஒட்டினேன்.
காற்று வந்தபோது அதுவும் அசைந்தது.

யோகபுரம்வரை மடியில் கோட்டை.
தவரூபன் முன்னால் தொங்கிக்கொண்டு
ஒவ்வொரு குழியாய் ஆட்டோக்காரனுக்குச் சொன்னான்,
தெரியாத ஊர்க்காரனுக்குச் சொல்வதுபோல.

கத்தி வேண்டாமாம் யதுர்சிகாவுக்கு.
கோட்டையைச் சுற்றிப் பார்த்தாள், சுவர்ப் பக்கமும்.
சரிந்த கோபுரத்தையே பிடித்து முறித்தாள்.
எள்ளுக்கம்பி உடைந்த சத்தத்துக்குப்
பெரியாட்கள் இரண்டுபேர் சட்டென்று திரும்பினார்கள்.
முன்பல் இல்லை. கடைவாயால் அரைத்து
மற்றப் பிள்ளைகளுக்கு அறிவித்தாள்:
"உள்ளுக்கை கம்பி. கம்பியும் தின்னலாம்!"

போனில் மாமன்: "கொடியைக் கிட்டவாய்க் காட்டு செல்லம்."
அவள் வாய் நிறையக் கேக்கோடு
கோன் நுனியைத் திருப்பிப் பார்த்தாள்.
"கறிவேப்பிலை மாமா."
சொல்லிவிட்டு இரண்டு விரலால் எடுத்துத்
தட்டின் ஓரத்தில் வைத்தாள்,
எல்லாரும் செய்வதுபோல.