ஐம்பது மீட்டர்

முனிசிபால்டி ஆள் போனை வாங்கி
ஏதோ அமுக்கிக் கொடுத்தான்.
நீல வட்டம். நடுவில்
ஆறு பேரும் ஒரே புள்ளி.
தாண்டினால் போலீசுக்குத் தெரியுமாம்.

கழிப்பறை நாலு சந்து தள்ளி,
வட்டத்துக்கு வெளியே.

"மறைக்க என்ன இருக்கு நமக்கு?" என்கிறான்
மேல்மாடி ஜெபசிங்.
உண்மைதான். பத்துக்குப் பத்து அறை.
நான் சேலை மாற்றுகையில்
கொழுந்தன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வான்,
பதினோரு வருஷமாக.
யாரும் சொல்லித் தந்ததில்லை அவனுக்கு.

அப்சல் பாய் மட்டும்
போனை அரிசி டப்பாவுக்குள் போட்டுவிட்டு நடக்கிறார்.
"அரிசி வீட்லதானே இருக்கு, பார்த்துக்கட்டும்."

நேற்றிரவு பொறுக்க முடியவில்லை.
போனைத் தலையணைக்கடியில் தள்ளிவிட்டு
வாளியோடு ஏணியில் இறங்கினேன்.
தாராவி கிராஸ் ரோட்டில் ஒரு நாய்கூட இல்லை.
வாழ்க்கையில் முதல்முறையாக
வரிசை இல்லாத கழிப்பறை.
தாழ்ப்பாள் போட்டு
வேலை முடிந்தும்
சும்மா உட்கார்ந்திருந்தேன்.
நான் எங்கிருக்கிறேன் என்று
ஒருவருக்கும் தெரியாத
ஐந்து நிமிஷம்.
நாற்றம்கூடப் பெரிதாகத் தெரியவில்லை.

திரும்பி வந்தபோது
கொழுந்தன் விழித்திருந்தான்.
வாளியைப் பார்த்தான்.
சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.