கருவிக்கு எட்டியவரை

‘இயல்பு’ என்று எழுத
எனக்கு ஒரு விசை போதும்.
வால்பரைசோ மருத்துவமனையின் கீழ்த்தளத்தில்
பதினோரு ஆண்டுகளாக எக்கோ எடுக்கிறேன்.
எர்மெலிண்டா கார்கமோவுக்கு மட்டும்
மூன்று முறை அதை அழுத்தியிருக்கிறேன்.

நான்காம் முறையும் வந்தாள்.
சொல்லாமலே இடப்பக்கம் ஒருக்களித்தாள்.
ஜெல் சில்லிட்டதற்கு மன்னிப்புக் கேட்டேன்.
திரையில் வால்வுகள்
ஈரக் கைக்குட்டையை உதறுவதுபோல்
திறந்து மூடின, ஒரு குறையும் இல்லை.
ஆஞ்சியோ சுத்தம். இரத்தமும் சுத்தம்.
போன வாரம் அவசரப் பிரிவில் ஒரு பையன்
“பதற்றம்தான், அம்மா” என்று
தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தானாம்.

“வலி எப்போது?” என்றேன்.
கேட்பது என் வேலையில்லை.

“நூற்று அறுபத்திரண்டாம் படியில்.
தாடைவரை ஏறும், பிறகு முழங்கை.
நின்றால் இறங்கிவிடும்.
சில விடியல்களில்
படி ஏறாமலே வரும்.”

குடிநீர்க் கம்பெனியில் வால்வு திறப்பவள்.
இந்தக் குன்றுகளுக்குள் எது எங்கே ஓடுகிறது என்று
வரைபடம் இல்லாமல் சொல்வாள்.
கூரையைப் பார்த்தபடி பேசினாள்:

“கீழே சாலையில் பெருங்குழாய்.
மானியை மாட்டிப் பார்த்தால் அழுத்தம் சரி,
அடைப்பில்லை, கசிவில்லை.
மேல் சந்தின் கடைசி வீட்டிலோ
குழாய் இருமுகிறது, வெறும் காற்று.
அலுவலகம் எழுதுகிறது: விநியோகம் இயல்பு.
அந்த வீட்டு ஓர்ஃபெலினா
வாளியோடு நிற்கிறாளே,
அவள் என்ன, பொய்யா சொல்கிறாள்?”

கருவி அவள் விலாவில் அப்படியே நின்றது.

மயிரிழைக் குழாய்கள்
என் திரைக்கு வருவதில்லை.
அவை இறுகினால் எனக்குத் தெரியாது.
‘தெரியாது’ என்பதற்கு
என் பலகையில் விசையும் இல்லை.

எழுத்தெழுத்தாக அடித்தேன்:
‘இந்தக் கருவிக்கு எட்டியவரை இயல்பு.
நோயாளிக்கு வலி இருக்கிறது.
நுண்குழாய்களைச் சோதிக்கவும்.’

படிவத்தில் அப்படியொரு கட்டம் இல்லையென்று
மேலாளர் திருப்பி அனுப்பினார்.
மறுபடி அனுப்பினேன்.
மறுபடியும்.
சாந்தியாகோவில் தேதி கிடைத்தது,
ஒன்பது வாரம் கழித்து.

தாளை வாங்கியவள்
இரண்டாம் வரியை மட்டும்
இருமுறை படித்தாள்.
நான்காக மடித்து
வால்வுச் சாவி கிடக்கும் பையில் வைத்தாள்.
நெஞ்சில் ஜெல் துடைக்க மறந்து
பொத்தான்களைப் போட்டுக்கொண்டு போனாள்.