வாயுதான்

பத்து மணிவரை புரண்டு துடித்தாராம்.
பத்துக்கு மேல் அடங்கிவிட்டாராம்.
"இப்ப தேவலாங்க" என்கிறார் மச்சான்,
கையில் இன்னும் காலி கோலிசோடா பாட்டில்.

தேவலையானவர் இப்படிப் படுக்க மாட்டார்.
கல்லடைப்புக்காரன் கட்டிலை உடைப்பான்,
எழுந்து நடப்பான், சுவரை உதைப்பான்.
தேசிங்கு முழங்காலை மடக்கி
நெஞ்சால் மட்டும் மூச்சு விட்டுக்கொண்டு
உதட்டில் உட்கார்ந்த ஈயை விரட்டாமல் கிடக்கிறார்.

குடியாத்தம், மே மாதம், ராத்திரி ஒண்ணே கால்.
ஆனாலும் என் விரல்கள் சில்லென்றிருக்கின்றன.
கோட்டில் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு
வலிக்காத பக்கத்திலிருந்து தொடங்குகிறேன்.
வலிக்காத பக்கம் இல்லை.
தொட்ட இடமெல்லாம் பலகை.
ஸ்டெதாஸ்கோப்பை வைத்து ஒரு முழு நிமிடம்:
கவுண்டன்ய ஆறு மாதிரி, வெறும் மணல்.
வலது விலாவில் தட்டினால்
கல்லீரல் மந்தமாய்ப் பதில் சொல்ல வேண்டிய இடம்
காலி டப்பாவாய் ஒலிக்கிறது.

"மாத்திரை ஏதாவது சாப்பிடுவாரா?"
மச்சான் இல்லையென்று தலையாட்ட,
கதவோரம் நின்ற கன்னியம்மா
முந்தானை முடிச்சை அவிழ்க்கிறாள்.
பெயரில்லாத வெள்ளை மாத்திரை, நாலு மிச்சம்.
பேர்ணாம்பட்டுத் தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டி வேலை.
மூட்டுக்கு நாளைக்கு மூணு, வெறும் டீயோடு,
பொங்கலிலிருந்து.

நிற்கவைத்து எடுத்த படத்தில்
உதரவிதானத்துக்கு அடியில் ஒரு கறுப்புக் கீற்று,
நகத்தை வெட்டிப் போட்ட அளவு.
"வாயுதான்னு அப்பவே சொன்னேனே."
வாயுதான் ஐயா.
இருக்கிற இடம்தான் தப்பு.

மூக்கில் குழாய், இரண்டு கையிலும் டிரிப்.
வலிக்கு ஊசி போட்டால் நோய் மறைந்துவிடுமே என்று
சிஸ்டர் எஸ்தர் தயங்குகிறார்.
போடுங்க. மறைய இனி என்ன இருக்கிறது?
சிறுநீர்ப் பையில் முப்பது மில்லி, கடுங்காப்பி நிறம்.
வேலூருக்கு அனுப்பிவிடலாமா?
பையைப் பார்க்கிறேன். கடிகாரத்தைப் பார்க்கிறேன்.
இங்கேயே திறக்கலாம்;
மயக்க மருத்துவர் லத்தேரி கேட்டில்
கூட்ஸ் வண்டி போகக் காத்திருக்கிறாராம்.

கையெழுத்துப் போட வந்த கன்னியம்மாவின்
விரல் நுனியெல்லாம் பீடித்தூள் மஞ்சள்.
பேனாவைத் திருப்பித் தருகையில் கேட்கிறாள்:
"அப்ப, சத்தமில்லாம இருந்தது வலி போயிடல்லியா?"

இல்லம்மா.

"தூங்குறாருன்னு
நானும் செத்த தூங்கிட்டேனே டாக்டர்."

குழாயைத் திறக்கிறேன்.
முழங்கைவரை சோப்பு.
ஐந்து நிமிடம் கழுவ வேண்டும்.