விலாசம்

புதுவயலில் நெல் அவியும் வாடை
பதினொன்றரைக்கும் அடங்கவில்லை.
மில் கணக்கை மூடிவிட்டுப்
போனைத் திறக்கிறேன்.

நானூற்றுப் பன்னிரண்டு காசு,
உரசிப் பார்க்க முடியாதவை.
மூன்று வருஷமாக ஒரு வேலிடேட்டர் பேரில்
கட்டிப் போட்டிருக்கிறேன்.
ஏதோ பனி நாடு. ஆளைத் தெரியாது.
முகத்துக்குப் பதில் கரடிப் படம்.

சேர்ந்தபோது நூற்றுக்கு ஐந்து கமிஷன்.
சித்திரையில் எட்டு.
நேற்றிலிருந்து பதினைந்து.
போன வாரம் இரண்டு ராத்திரி
அவன் மெஷின் தூங்கிவிட்டது.
கொதிகலன் பக்கம் ஆள் தூங்கினால்
நெல் என்னவாகும் என்று
கரடிக்கு யார் சொல்வது?

இரண்டு பொத்தான்.
‘விடுவி’ என்றால் இருபத்தொரு நாள்
காசு யார் பேரிலும் இல்லை.
வட்டி கிடையாது, எடுக்கவும் முடியாது,
கல்யாண வீட்டில் பந்திக்குக் கூப்பிடாத ஆள் மாதிரி
சும்மா நிற்க வேண்டும்.
‘மாற்று’ என்றால் இந்த நொடியே
இன்னொருவர் வீடு.
ஆனால் போன இடத்தைவிட்டு
இருபத்தொரு நாள் நகரக் கூடாது.

எனக்கு இது தெரியும்.

ஒன்பது வயதில், ஒரு தை மாசம்,
பள்ளத்தூரிலிருந்து என்னைக் கொத்தமங்கலத்துக்குப்
பிள்ளை கூட்டினார்கள்.
காலையில் சாத்தப்பன்.
மத்தியானச் சாப்பாட்டில் வயிரவன்.
விலாசத்தில் மூன்று எழுத்து மாறின.
நடுவே ஒரு மணி நேரம்கூட
நான் யாருக்கும் இல்லாமல் இருக்கவில்லை.
நல்ல ஏற்பாடு என்றார்கள்.
நல்ல ஏற்பாடுதான்.
பெற்ற அப்பச்சி கார் வரைக்கும் வந்து
ஏற்கனவே போட்டிருந்த என் சட்டைப் பொத்தானைக்
கழற்றி மறுபடி போட்டுவிட்டார்.

காசுக்கு வாயில்லை.
அதனால் நான் விசாரிக்கிறேன்.
பெங்களூரில் இரண்டு பெண்கள் நடத்துகிறார்கள்.
கமிஷன் ஆறு.
இதுவரை ஒரு பிளாக்கும் தவறவிட்டதில்லை.
ஓட்டெடுப்பு வந்தால் ஏன் அப்படிப் போட்டோம் என்று
எழுதியும் வைக்கிறார்கள்.
போதும்.

அழுத்தினேன். செலவு எட்டுப் பைசா.
பையின் விலாசம் அதேதான்,
நாற்பத்தைந்து எழுத்து,
ஒன்றுகூட மாறவில்லை.

மாறியது இன்னொன்று.
பழைய வீட்டில் அதுவரை சேர்ந்திருந்த வட்டி
நான் கேட்காமலே
பைக்குள் வந்து விழுந்தது,
ஒன்று புள்ளி சைபர் நான்கு.

இப்படி ஒரு விதி இருப்பது
எனக்குத் தெரியாது.

குறிப்பேட்டை எடுத்து வரவு வைத்தேன்.
யாரிடமிருந்து என்ற இடத்தில்
‘பள்ளத்தூர்’ என்று எழுதியிருக்கிறேன்.

மில்லில் ஆவி திறக்கிற சத்தம்.
அடித்துத் திருத்தவில்லை.