கை மாறியது

லேவார்டனில் மழை பக்கவாட்டில் பெய்யும்.
நான்கு வருடத்தில் மூன்றாவது டிஷர்ட்
இன்று காலை பெட்டியில் வந்தது.
முதலில் கறுப்பு. பிறகு புதினா நிறம்.
புல்வெட்டும் இயந்திரம் செய்கிறவர்கள்
எங்களை வாங்கியிருப்பதால்
இனி ஆரஞ்சு.
எல்லாருக்கும் ஒரே அளவு.
ரூலோஃப் அதற்குள் புகுந்து
கூடாரம் போல் நின்றான்.

"வுல்ப் மின்மிதிவண்டி கை மாறிவிட்டது"
என்றது கூடவே வந்த கடிதம்.
என் கையைப் பார்த்தேன்.
நகக்கண்ணில் கிரீஸ்.
பின்சக்கர மோட்டாரின் செம்புக்கம்பி
கட்டைவிரலில் கிழித்த கோடு
அதே இடத்தில்.

முதல் முதலாளிகள் அண்ணன் தம்பி.
ஒரு வண்டி விற்றால் எழுபது யூரோ நட்டம்,
நிறைய விற்றால் சரியாகிவிடும் என்றார்கள்.
நிறைய விற்றோம்.
ஒவ்வொரு வண்டியும் கையைக் கடித்துவிட்டுத்தான்
வாசல் தாண்டியது.
மூன்று வருட இலவசப் பழுதுபார்ப்பு அட்டையோடு
திரும்பி வந்து
மறுபடி கடித்தது.

இரண்டாவது முதலாளியை நாங்கள் பார்த்ததே இல்லை.
திரையில் வருவார்.
பின்னால் ஒரு பனைச்செடி, பிளாஸ்டிக்கோ என்னவோ.
பதினான்கு மாதம் கழித்து
அந்தச் செடி மட்டும் இருந்தது திரையில்,
பிறகு அதுவும் இல்லை.

திவால் கணக்கெடுக்க மக்டெல்ட் என்ற பெண் வந்தாள்,
மழைக்கோட்டைக் கழற்றாமலே.
லேத், துளைப்பான், காபி இயந்திரம்,
பேட்டரி இல்லாத நாற்பத்தொரு வண்டிகள்
எல்லாவற்றிலும் மஞ்சள் ஒட்டி.
என் காற்றடிக்கும் பம்பிலும்.
"அது என்னுடையது."
"ரசீது இருக்கிறதா?"
பழைய பொருள் சந்தையில் ஆறு யூரோவுக்கு வாங்கியது.
சந்தைக்காரர் ரசீதுக்குப் பதில்
கண்ணடித்திருந்தார்.

கடன் கொடுத்தவர்கள் பட்டியல் தபாலில் வந்தது.
210: அலுவலகத்துக்குப் பூ அனுப்பிய கடை.
211: ட்யிட்ஸ்க, இரண்டு மாதச் சம்பளம்.
நான்தான்.
நான் எப்போது இவர்களுக்குக் கடன் கொடுத்தேன்?

அந்த வாரம்தான், விடியாத ஆறு மணிக்கு,
பூட்டிய கதவைத் தட்டினார்
பிரசவம் பார்க்கும் ஹில்ட்யே தெர்ப்ஸ்ட்ரா.
சர்வர் வாடகை கட்ட ஆளில்லாமல்
நகரத்திலிருந்த வுல்ப் வண்டிகளின் பூட்டெல்லாம்
ஊமையாகிவிட்டிருந்தன.
அவர் போனில் வட்டம் சுற்றிச் சுற்றி வந்ததாம்.
பின்சக்கரம் அசையவில்லை.
ஓடிப் போயிருக்கிறார்.
"குழந்தை எனக்காகக் காத்திருக்கவில்லை,"
சிரித்தார். "ஆரோக்கியமான பையன்."
திரும்பும்போது இருபத்துமூன்று கிலோவின் பின்பாதியைத் தூக்கி
முன்சக்கரத்தில் உருட்டிக்கொண்டே
ஒரு மணி நேரம் நடந்திருக்கிறார்.

துளைப்பானில் மஞ்சள் ஒட்டி இருந்தது.
தொடக்கூடாது.
தொட்டேன்.
பூட்டின் நாக்கு உடைந்து விழுந்த சத்தம்
தெருவுக்கே கேட்டிருக்கும்.

"பில்?"
யார் பெயரில் போடுவது?
அன்று காலை வுல்ப் யாருடையதும் இல்லை.
"அப்படியானால் கைமாறாக என்ன தருவது?"
யோசித்தேன்.
உங்களிடம் பம்பு ஒன்று இருக்குமா
என்று கேட்டேன்.

இப்போது ஆரஞ்சு ஆட்களில் ஒருவர், டீடெரிக்,
பட்டியலும் பேனாவுமாக நடக்கிறார்.
லேத். துளைப்பான். நாற்பத்தொரு வண்டிகள்.
அடுத்த வருடம் லாபம் வரும் என்று
ஒவ்வொரு மேசையிலும் சொல்கிறார்,
தனக்கே சொல்லிக்கொள்வது போல.
எனக்கும் வரட்டும் என்றுதான் இருக்கிறது.
நல்ல வண்டி அது.
எதிர்க்காற்றில் ஏறி உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்.

பம்புகளிடம் வந்து நிற்கிறார்.
பட்டியலில் ஒன்று.
சுவரோரம் இரண்டு.
"கணக்கில் ஒன்று அதிகமாக இருக்கிறதே,"
பேனாவால் தலையைச் சொறிகிறார்.
ரூலோஃப் கூடாரத்துக்குள்ளிருந்து என்னைப் பார்க்கிறான்.

"கைமாற்று," என்கிறேன்.