வரிசை எங்கே நிற்கிறது

கால் முறிந்து வீட்டில் கிடந்த மூன்று மாதத்தில்
தணிகாசலம் ரொட்டி சுடப் பழகினார்.
கன்டெய்னர் லாரி ஓட்டிய கை.
முதல் நாள் மாவு பிசைந்ததைப் பார்த்தேன்,
கியர் மாற்றுவதுபோலவே இருந்தது.

ஓவன் எல்லாம் இல்லை.
பழைய ஐந்து லிட்டர் குக்கர்,
விசிலைக் கழற்றி, ரப்பரைக் கழற்றி,
அடியில் ஒரு படி கல்லுப்பு.
அதே உப்புதான் இன்றைக்கும்,
வெந்து வெந்து சாம்பல் நிறமாகிவிட்டது.
குழம்புக்கு ஆகாது.
கொட்டவும் விடமாட்டார்.

முதல் ரொட்டியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை.
கடல்காற்றுக்குக் கதவு அடித்துக்கொள்ளும் வீடு,
மூன்று நாள் அதை அண்டக் கொடுத்திருந்தோம்.
எறும்புகூட வரவில்லை.
இரண்டாவதில் ஈஸ்ட்டைச் சுடுதண்ணீரில் கொன்றார்.
மூன்றாவதில் உப்பை மறந்தார்,
குக்கருக்குள் ஒரு படி உப்பு இருந்தும்.
நான்காவது வெந்தபோது
எதிர்வீட்டு பியூலா கதவைத் தட்டி
"யார் வீட்ல கிறிஸ்மஸு?" என்றாள்.
அது மே மாதம்.

மே மாதக் கொருக்குப்பேட்டையில்
மாவுக்கு யாரும் காவல் இருக்க வேண்டாம்.
ஈரத்துணி போட்டு மூடிவிட்டு
ரயில்வே கேட் மூடித் திறக்கும் சத்தத்துக்குக்
காதைக் கொடுத்தால் போதும்.
இவர் கடிகாரம் பார்ப்பதில்லை.
"ரெண்டு கூட்ஸ் போவட்டும்,
அப்புறம் உருட்டிக்கலாம்."

காலையில் கறுத்துப்போன ரஸ்தாலியை மசித்து மஃபின்;
டபராவில் ஊற்றி வேகவைத்ததால்
சின்னவள் அதை டபரா கேக் என்றாள்.
மதியம் என் டப்பாவில்
நெத்திலிக் கருவாடு சுருட்டிய ரோல்.
கிடங்கில் சீல் நம்பர் எழுதும் என் மேஜையைச் சுற்றி
மேனேஜர் மூக்கு உட்பட
நாலு மூக்கு வந்து நின்றது.
ராத்திரி வடகறிக்குப் பன்.
மிஞ்சிய பன் விடிந்ததும் முட்டையில் தோய்ந்து
தோசைக்கல்லில் கிடக்கும்.
ஒருநாள் சோறு கேட்டுவிட்டேன்.
மாவுக் கையோடு திரும்பிப் பார்த்தார்,
நான் டீசல் திருடியவள்போல.

ஆகஸ்டில் கம்பியை எடுத்தார்கள்.
செப்டம்பரில் லாரி.
எண்ணூர் சாலையில் மறுபடி அதே வரிசை:
கண்ணுக்கு முன்னால் ஒரு வண்டியின் முதுகு,
கண்ணாடிக்குள் ஒரு வண்டியின் முகம்,
துறைமுகத்து கேட் எங்கோ.
இட்லி வாங்க இறங்கினால் வரிசை நகரும்.
நகர்ந்தால் நடுவில் எவனாவது மூக்கை நுழைப்பான்.

அதனால் இப்போதெல்லாம்
கிளம்புவதற்கு முந்தின ராத்திரி
சரக்கு என்ன, எடை என்ன என்றெல்லாம்
போன் போட்டுக் கேட்பதில்லை இவர்.
"வரிசை எங்க வரைக்கும் நிக்குது?"
திருவொற்றியூர் டோல்கேட் என்றால் ஆறு பன்.
எர்ணாவூர் தாண்டினால் பன்னிரண்டு.
மணலி வரை என்றால்
மைதா இரண்டு கிலோ, கூடவே
என் ஞாயிற்றுக்கிழமை.

நேற்று பன்னிரண்டு.
இன்று நள்ளிரவில் போன்.
"எத்தினி இருக்கு?"
"ஒண்ணு."
பின்வண்டி ஒடிசாக்காரர் மூன்று சாப்பிட்டாராம்,
முன்வண்டி கமுதிப் பையன் நான்கு.
ஒன்று போலீஸ்காரருக்கு,
ரசீது இல்லாமல்.
"சரி, அந்த ஒண்ணு?"
"கல்லாட்டம் ஆயிட்ச்சி.
டீ வரட்டும்னு வெச்சிக்கினு இருக்கேன்."

பின்னால் ஹாரன்.
போனை வைக்கவில்லை.
கியர் விழுந்தது, என்ஜின் உறுமியது,
ஏர் பிரேக் ஒரு பெருமூச்சு விட்டு
நின்றுவிட்டது.
"எவ்ளோ தூரம் போச்சு?"
"ஒரு வண்டி நீளம்."

எழுந்துபோய் ஈரத்துணியைத் தூக்கிப் பார்த்தேன்.
நானாகப் பிசைந்த முதல் மாவு,
அவரிடம் சொல்லவில்லை.
இன்னும் எழும்பவில்லை.
கொஞ்சம் சாய்ந்தாற்போல உட்கார்ந்திருக்கிறது.
வெளியே கேட்டில் மணி அடிக்கிறது.
இந்த கூட்ஸும் போகட்டும்.