ஆறு சதவீதம்

பழைய பதினான்காம் எண் வண்டி
இரண்டு தெருவுக்கு அப்பாலிருந்தே இருமும்.
அந்த இருமல் கேட்டுத்தான்
ஹோதன் வீட்டில் பூட்ஸ் தேடவே தொடங்குவார்கள்.
இப்போது பூனைபோல வந்து நிற்கிறேன்.
ஹாரன் அடித்தால்தான் கதவு திறக்கிறது.
ஒரு கையுறை கையில், மற்றது பல்லில்,
பனியில் சறுக்கியபடி ஓடிவருகிறாள்.

மின்னசோட்டாவில் ஜனவரி. மைனஸ் இருபத்தெட்டு.
இந்த ஊர் வண்டிகளுக்கு என்றைக்குமே வால் உண்டு,
எஞ்சின் உறையாதிருக்க
ராத்திரியெல்லாம் சுவரில் செருகிவைக்கும் வயர்.
அதனால் சார்ஜர் வந்தபோது
டிப்போவில் யாரும் மலைக்கவில்லை.
"வால் கொஞ்சம் தடிச்சிருக்கு" என்றார் ஆர்லன்.
அவ்வளவுதான் திறப்பு விழா.

டீசல் வாடையில்லாத கோட்டோடு வீட்டுக்குப் போனேன்.
முதல் வாரம் நாய் என்னைப் பார்த்துக் குரைத்தது.

சத்தம் போய்விடும் என்பதைத்தான்
நான் யோசித்திருக்கவில்லை.
பத்தொன்பது வருஷம்
எனக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே
எஞ்சின் ஒரு சுவர்.
உட்காரு, உட்காரு என்று நான் கத்துவேன்;
அவர்கள் பேசுவது எனக்கு எட்டாது.
இப்போது கடைசி வரிசைக் கிசுகிசுகூட
நடந்து வந்து காதில் உட்காருகிறது.
யார் யாரோடு காய்,
யார் அம்மாவுக்கு மறுபடி பிள்ளை,
கணக்குப் பரீட்சையில் யார் யாரைப் பார்த்தது.
பாதி நாள் உதட்டைக் கடித்துக்கொண்டு ஓட்டுகிறேன்.

செவ்வாய்க்கிழமை, ரயில்வே கேட்டில்,
டாசன் பக்கத்துப் பையனிடம் சொன்னான்:
"அப்பா ராத்திரி முழுக்க எஞ்சினை அணைக்க மாட்டார்.
அணைச்சா விறைச்சுடுவோம்.
பெட்ரோல் தீர்ந்தா கடைக்குள்ள போய் நிப்போம்.
யார்கிட்டயும் சொல்லாதே."

சோளம் ஏற்றிய ரயில்.
தொண்ணூற்று மூன்று பெட்டி. எண்ணினேன்.

அவன் இறங்குவது சூப்பர்மார்க்கெட் வாசலில்.
"அம்மா இங்கதான் வேலை செய்றாங்க" என்று
செப்டம்பரில் சொன்னான்.
எஞ்சின் இரைச்சலில் தலையாட்டியிருந்தேன்.

ஹீட்டர் பேட்டரியைத் தின்னும்,
பயிற்சியில் முதல் பாடமே அதுதான்.
பின்பக்கத்துக்குத் தனிக் குமிழ்.
முழுக்கத் திருப்பினேன்.
ஜன்னல் பனி உருகி வழிந்தது.
மற்றவர்கள் இறங்கியபின்
ஜாக்கெட் ஜிப்பை இறக்கினான், தூங்கிப்போனான்.
அவன் நிறுத்தம் வந்தது.
தாண்டினேன்.
ஏரிச் சாலையை ஒருமுறை சுற்றினேன்,
வழுக்கும் இடங்களில் மெதுவாக,
வழுக்காத இடங்களில் இன்னும் மெதுவாக.

"ஆறு சதவீதம் கூடுதல், வெர்லீன்."
ஆர்லன் திரையிலிருந்து கண்ணெடுக்கவில்லை. "ஏன்?"

குளிர், என்றேன்.

வாலைச் செருகினேன். பச்சை விளக்கு.
விடியும்வரை இது இப்படியே நிறையும்,
ஒரு பொட்டுப் புகையில்லாமல்.
ஒரு மைல் தள்ளி இன்னொரு வண்டி
நின்ற இடத்திலேயே எரிந்துகொண்டிருக்கும்.

சொல்லாதே என்றது என்னிடமல்ல.
கேட்டது நான்.

ஆர்லன் விளக்கை அணைக்கக் கை நீட்டினார்.
"இருங்க" என்றேன்.
"குளிர் மட்டும் இல்ல."